செல்லப்பாவுக்கு எத்தனை ஜீபி

கண்டி வாவியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஓர் அரசாங்கக் கந்தோர் இருக்கிறது. பெயரைச் சொன்னால் அங்கே வேலை செய்கிறவர்களுக்கு மனம் நோகும். சொல்லாவிட்டால் ஊரிலுள்ள மற்றக் கந்தோர்க்காரர்கள் எல்லாரும் தங்களைத்தான் சொல்கிறது என்று எண்ணிக்கொள்வார்கள். நாட்டுக்கு இரண்டாவதே நல்லது என்பதால் பெயரை விட்டுவிடுவோம்.

அந்தக் கந்தோரின் இரண்டாம் மாடியில் முப்பத்துமூன்று வருடம் உட்கார்ந்திருந்து, போன வருடம் அறுபது வயதில் ஓய்வுபெற்றவர் பிரதம லிகிதர் செல்லப்பா. கட்டுக்கலைப் பக்கம் சொந்த வீடு. நெற்றியில் எந்நாளும் ஒரே அகலத்தில் மூன்று கோடு விபூதி. சட்டைப் பையில் ஒரு நீலப் பேனை, ஒரு சிவப்புப் பேனை, ஓர் ஆறங்குல அடிமட்டம். அடிமட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இரண்டாம் தடவை கேட்டவர்கள் இல்லை.

அவருடைய உத்தியோகத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கோப்புகள் வந்தன, போயின. உண்மையான வாழ்க்கை, கந்தோரின் தமிழ் பேசும் ஊழியர் நலன்புரிச் சங்கத்தில் நடந்தது. இருபத்தாறு வருடம் அதற்கு அவர்தான் செயலாளர். போட்டியிட ஒருவரும் முன்வரவில்லை. வென்றால் ஒவ்வொரு கூட்டத்திலும் நடந்ததைக் கூட்டறிக்கையாக எழுத வேண்டிவரும் என்ற பயம்.

சங்கம் மூன்று காரியம் செய்தது. செத்த வீட்டுக்கு மலர்வளையம், வருடத்துக்கு ஒரு சுற்றுலா, ஓய்வுபெறுகிறவருக்குப் பிரியாவிடைப் பரிசு. முதல் இரண்டையும் யாரும் செய்யலாம். மூன்றாவதைச் செல்லப்பா ஒரு விஞ்ஞானமாக வளர்த்தெடுத்தார்.

அவர் வருவதற்கு முன்பு ஒரே காட்டு ராச்சியம். ஒருவரைப் பிடித்துப்போனால் நல்ல சாமான் வாங்கிக் கொடுப்பார்கள். பிடிக்காவிட்டால் ஒரு சோடி தேத்தண்ணிக் கோப்பை. இந்த அநியாயத்தைப் பார்த்து மனம் கொதித்த செல்லப்பா, 'பிரியாவிடைப் பரிசு அளவுத் திட்டம்' என்ற ஒன்றை எழுதினார். பதவியும் சேவைக்காலமும் சேர்ந்து பரிசைத் தீர்மானிக்கும். கந்தோர் உதவியாளருக்குச் சுவர்க்கடிகாரம். இருபது வருடத்துக்குக் குறைந்தால் ஒன்பது அங்குலம், கூடினால் பன்னிரண்டு. லிகிதருக்குப் பிரஷர் குக்கர்; எத்தனை லீற்றர் என்பது தரத்தைப் பொறுத்தது. கடிகாரம் வாங்கி வந்ததும் அடிமட்டம் பையிலிருந்து வெளியே வரும். ஆறங்குல அடிமட்டத்தை இரண்டு தரம் வைத்தால் பன்னிரண்டு. ஒரு தடவை பதினொன்றே முக்கால் வந்தது. கடிகாரம் கடைக்குத் திரும்பிப் போனது.

திட்டத்தின் இரண்டு பிரிவுகளை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொண்டால் போதும். ஏழாம் பிரிவு: ஓய்வுபெறுபவரின் சொந்தக் காரணம் எதுவும் கவனத்தில் எடுக்கப்படலாகாது. எட்டாம் பிரிவு: தன்னுடைய பரிசைப் பற்றிப் பேசும்போது ஓய்வுபெறுபவர் அறையில் இருக்கலாகாது.

ஏழாம் பிரிவு முதன்முதலாக வேலை செய்தது வீரையாவின் விஷயத்தில். வீரையா கந்தோர் உதவியாளர். கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து அறையிலிருந்து விடியப்புறம் பஸ் பிடித்து, பேராதனை வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வருவார். முப்பது வருடம் கோப்பு சுமந்தார். பதினோரு வருடத்துக்கு முன்பு அவர் ஓய்வுபெறும் நேரத்தில், அவருடைய மனைவிக்குச் சீனி வியாதியால் இரண்டு கண்ணும் போயிருந்தது. வீரையா செல்லப்பாவின் மேசைக்கு முன்னால் வந்து நின்றார். கதிரை இருந்தது, உட்காரச் சொல்லப்படவில்லை.

"ஐயா, எனக்குக் கடிகாரத்துக்குப் பதிலா ஒரு சின்ன ரேடியோ குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகுங்க. வீட்டுல அவ பகல் முழுக்க ஒத்தையில ஒக்காந்திருக்கா. கடிகாரம் அவளுக்கு என்னங்க செய்யும்?"

செல்லப்பா கோபிக்கவில்லை. திட்டத்தை எடுத்து ஏழாம் பிரிவை நிறுத்தி நிதானமாக வாசித்துக் காட்டினார். பிறகு அன்போடு விளக்கினார். கண் தெரியாதவர் மனைவி, ஓய்வுபெறுகிறவர் வீரையா, வீரையாவுக்குக் கண் நன்றாகத் தெரிகிறது. ஆகவே கடிகாரத்தில் குறையொன்றும் இல்லை. இந்த விளக்கம் கூட்டறிக்கையிலும் ஏறியது. பன்னிரண்டு அங்குலக் கடிகாரம் அளந்து, வர்ணக் கடதாசி சுற்றி, மாலையோடு கொடுக்கப்பட்டது.

கந்தோருக்கு அதனால் ஒரு நல்ல பகிடி கிடைத்தது. யாராவது நேரம் என்ன என்று கேட்டால், வீரையா பொஞ்சாதியைக் கேட்டுப்பார் என்பார்கள். நாலைந்து வருடம் ஓடியது. செல்லப்பா பகிடி விடுகிற ஆளல்ல. ஆனால் கேட்டால் சிரிப்பார்.

பகிடி நின்றது, வீரையாவின் மகள் சந்திரிகா பரீட்சையில் தேறி அதே மாடிக்கு லிகிதராக வந்த அன்று. சந்திரிகா அதிகம் பேசமாட்டாள். கையெழுத்து முத்துப்போல இருக்கும். செல்லப்பாவே அவளைச் சங்கத்துக்கு உதவிச் செயலாளர் ஆக்கினார். ஒரே வாரத்தில் அளவுத் திட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை மனப்பாடம் செய்துவிட்டாள். செல்லப்பா அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார்.

இப்படியிருக்கையில் கொரோனா வந்தது. பிள்ளைகளின் படிப்பு போனுக்குள் போயிற்று. ஓய்வுபெறுகிறவர்கள் எல்லாரும் பேரப்பிள்ளைகளுக்காக டெப் என்கிற தொடுதிரைக் கணினி கேட்டார்கள். ஐந்து லீற்றர் குக்கரைக் கூட ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை. செல்லப்பா காலத்தோடு போகிறவர். நான்காம் திருத்தம் எழுத உட்கார்ந்தார். ஆனால் டெப்பை எதைக்கொண்டு அளப்பது? அடிமட்டத்தை வைத்துப் பார்த்தார். எல்லா டெப்பும் ஏறக்குறைய ஒரே அகலம்.

சங்கத்தின் பொருளாளர் நபீல் அவரைத் திகனைக்கு, தன் மச்சான் ரிஸ்மியின் போன் கடைக்குக் கூட்டிப்போனார். மெமரி என்று ஒன்று உண்டு, அது ஜீபிக் கணக்கில் 16, 32, 64 என்று ஏறிக்கொண்டு போகும், எவ்வளவு கூடவோ அவ்வளவு படமும் வீடியோவும் உள்ளே கொள்ளும் என்று ரிஸ்மி விளக்கினான். செல்லப்பாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக ஓர் இயந்திரத்தின் மீது மரியாதை பிறந்தது. மனிதரைப் போலவே அதற்கும் தரம் இருந்தது.

அன்றே எழுதி முடித்தார். இளநிலை லிகிதருக்கு 16. சிரேஷ்ட லிகிதருக்கு 32. பிரதம லிகிதருக்கு 64. அந்த மாடியில் பிரதம லிகிதர் ஒரே ஒருவர்தான். ரிஸ்மியின் கண்ணாடி அலுமாரியில் அன்றைக்கு இருந்த ஆகப் பெரியதும் 64தான். கடைசியில் ஒரு வரி சேர்த்தார்: இத்திருத்தம் நிரந்தரமானது, ஓய்வுபெறுபவருக்குச் சாதகமாக எக்காலத்திலும் மாற்றப்படலாகாது. அதன் கீழே அடிமட்டம் வைத்துச் சிவப்புப் பேனையால் இரண்டு கோடு.

அங்கேதான் பிசகினார். குக்கரின் லீற்றர் இருபது வருடமும் லீற்றராகவே இருந்தது. கடிகாரத்தின் அங்குலமும் சொன்ன சொல் மாறவில்லை. ஜீபி அப்படி ஒழுக்கமுள்ள அளவு இல்லை. நாலு வருடத்தில் 16 செத்துப்போனது. 32ஐக் கடைகளில் காணோம். ராஜாவாக இருந்த 64, கண்ணாடி அலுமாரியின் அடித்தட்டுக்கு இறங்கி, முயல் காது வைத்த ரப்பர் உறைக்குள் மழலையர் பள்ளிப் பிள்ளைகளுக்காக உட்கார்ந்திருந்தது.

செல்லப்பா இதைத் தெரிந்துகொண்ட விதமும் நல்லதாக அமையவில்லை. கீழ் மாடியில் வேறொரு திணைக்களம். அங்கே ஸ்ரீதரன் என்று ஒரு சிரேஷ்ட லிகிதர். முப்பது வருடமாகச் செல்லப்பாவை 'அண்ணே' என்று கூப்பிட்டு அவருடைய உயிரை வாங்கியவர். அவர் ஓய்வுபெற்றபோது அவர்களுடைய சங்கம் 128 கொடுத்தது. அளவுத் திட்டமே இல்லாத சங்கம். யாரோ சொன்னார்கள், யாரோ வாங்கினார்கள், யாரும் அளக்கவில்லை. ஸ்ரீதரன் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறி வந்தார்.

"நூத்தி இருவத்தெட்டுண்ணே. நமக்கெல்லாம் எதுக்கு இவ்வளவுன்னு சொன்னேன், கேக்கல. அடுத்தது நீங்கதான? உங்களுக்கு எவ்வளவு வரும்?"

அன்றிலிருந்து செல்லப்பாவுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஓய்வுக்கு ஆறு மாதம் இருந்தது. முப்பத்துமூன்று வருடம் எல்லாரையும் அளந்த மனிதர், கடைசி நாளில் மேடையேறி, முயல் காதுக்காரர்களின் அளவை வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும். ஸ்ரீதரன் விழாவுக்கு வருவார். முன்வரிசையில் இருப்பார். அதுதான் இனி அவருடைய வாழ்க்கையின் ஒரே கேள்வி: செல்லப்பா எத்தனை ஜீபி?

ஒரு சனிக்கிழமை, யாருக்கும் சொல்லாமல் திகனைக்குப் பஸ் ஏறினார். வேறொருவருக்காக விசாரிப்பதுபோல, 128 எப்படி, அதற்கு மேலும் உண்டா என்று ரிஸ்மியிடம் கேட்டார். 256ம் உண்டு. யாருக்கு என்று ரிஸ்மி கேட்கவில்லை. கையை நீட்டி, செல்லப்பாவின் போனை வாங்கி, தட்டித் தட்டிப் பார்த்தான்.

"சேர், இதில ஒண்ணுமே இல்லியே. ஒரு போட்டோ கூட இல்ல. டெப்புல என்னத்த வைக்கப் போறீங்க? சேருக்கு அறுவத்து நாலே மௌத்தாகி அடங்குற வரைக்கும் காணும்."

செல்லப்பா அதைப் பாராட்டாக எடுத்திருக்க வேண்டும். அவருடைய போன் காலியாக இருந்தது தற்செயலாக அல்ல. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பிற்பகல் மூன்று மணிக்கு, கந்தோரில் பழைய கோப்பு கழிக்கிற அதே முறையில், அந்த வாரம் வந்த படம், வீடியோ, குரல் எல்லாவற்றையும் தெரிவுசெய்து அழித்துவிடுவார். காலை வணக்கம் சொல்லும் ரோஜாப்பூ, திருநீறு பூசிய பிள்ளையார், யாருடையதோ மரண அறிவித்தல், எல்லாருக்கும் ஒரே நீதி. சின்ன போன். நிரம்பினால் நின்றுவிடும். கந்தோரிலேயே நிரம்பாத போன் அவருடையதுதான்.

மனைவி பரிமளத்துக்கும் அதே நீதிதான் கிடைத்தது. மூன்று வருடத்துக்கு முன்பு அவள் கடைசி எட்டு மாதம் வைத்தியத்துக்காகக் கொழும்பில் மகள் நிரோஷினி வீட்டில் இருந்தாள். செல்லப்பாவுக்கு லீவு எடுக்க வசதிப்படவில்லை. சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம் வந்துகொண்டிருந்தது. மகள் நாளுக்கொன்றாக வட்ஸ்அப்பில் வீடியோ அனுப்பினாள். பரிமளம் கஞ்சி குடிக்கிறாள். பரிமளம் முடியில்லாத தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு சிரிக்கிறாள். பரிமளம் போனுக்கு வெகு கிட்டக் குனிந்து, "ஏங்க, சாப்டீங்களா? வாசல் லைட்ட அணைச்சீங்களா?" என்று கேட்கிறாள். செல்லப்பா பகல் சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றையும் முழுதாகப் பார்த்தார். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒன்றைக்கூட மிச்சம் வைக்கவுமில்லை. அவள் செத்த பிறகு சுவரில் மாட்டுவதற்கு அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டார். அம்மா சிரிக்கிற மாதிரி ஒரு படம் போடலாமே என்று மகள் அழுதாள். அரசாங்கம் ஏற்றுக்கொண்ட முகம் இதுதான் என்று விளக்கினார்.

ஆகவே, என்னத்தை வைக்கப்போகிறீர்கள் என்று ரிஸ்மி கேட்டது அவருக்கு விளங்கவே இல்லை. ஜீபி என்பது வைப்பதற்கா? பன்னிரண்டு அங்குலக் கடிகாரத்தில் பன்னிரண்டு அங்குல நேரமா இருக்கிறது?

கந்தோரில் அவர் மிகவும் நாசூக்காக வேலையைத் தொடங்கினார். தனக்கு ஒரு பூமாலை போதும் என்று நபீலிடம் சொன்னார். நபீல் சரி என்றார். அது போதாதென்று அடுத்த நாள், பூமாலை போதும், ஆனால் சங்கத்தின் மானம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். தேத்தண்ணி நேரத்தில் கீழ் மாடிச் சங்கத்தை வாயாரப் புகழ்ந்தார். அவர் இன்னொருவரைப் புகழ்ந்து யாரும் கேட்டதில்லை என்பதால், சுகமில்லையோ என்று விசாரித்தார்கள். 128 ஜீபி டெப்பின் விளம்பரம் வந்த பத்திரிகைத் துண்டைச் சந்திரிகாவின் மேசையில் வைத்து மறந்துவிட்டுப் போனார். அவள் அதை இரண்டு தரம் கொண்டுவந்து திருப்பிக் கொடுத்தாள்.

கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார். தனக்காக அல்ல. ஒரு சட்டப் பிரச்சினையாக. 64 என்று எழுதியிருப்பதை, 64க்குக் குறையாமல் என்று வாசிக்க இடமுண்டா?

சந்திரிகா அலுமாரியிலிருந்து திட்டத்தை எடுத்து, சரியான பக்கத்தைத் திறந்து, அவர் முன்னால் வைத்தாள்.

"வாசிக்கலாம் சேர். ஆனா கீழ ரெண்டு சிவப்புக் கோடு போட்டிருக்கீங்களே."

செல்லப்பா கோடுகளைப் பார்த்தார். நேராக இருந்தன.

கூட்டம் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் நடந்தது. ஏனைய விடயங்கள் முடிந்ததும் செல்லப்பா எழுந்து, எட்டாம் பிரிவின்படி தான் வெளியேறுவதாக அறிவித்து, அதைத் தானே கூட்டறிக்கையில் எழுதி, கொப்பியைச் சந்திரிகாவிடம் கொடுத்துவிட்டு வெளியேறினார். வெளியே என்பது தாழ்வாரம். தாழ்வாரத்துக்கும் அறைக்கும் நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு. எட்டாம் பிரிவில் காதைப் பற்றி ஒன்றும் இல்லை.

முதலில் நபீலின் குரல் கேட்டது. "அறுவத்து நாலுதான் வரும். அதுவும் மனிசனுக்குக் கூட. வைக்க என்ன இரிக்கி? ரிஸ்மி போனைப் பாத்தானாம். கழுவின கோப்பை மாதிரி இரிக்காம்."

எல்லாரும் சிரித்தார்கள். செல்லப்பாவிடம் சேர்த்து வைக்க என்னென்ன இருக்கிறது என்று கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். தட்டெழுத்துக் கலாராணி, தன் கல்யாணத்தில் படமெடுக்க அவரைக் கூப்பிட்டபோது, சாப்பாட்டு வரிசையில் ஊழியர்கள் தரப்படி நிற்கிறார்களா என்று பார்க்கப் போய்விட்டார் என்றாள். சுற்றுலாப் படங்களில் பார்க்கலாம் என்று ஒருவர் சொன்னார். சுற்றுலாவில் பஸ் கதவடியில் நின்று ஆள் எண்ணிக்கொண்டிருப்பார், படத்தில் விழமாட்டார் என்றார் இன்னொருவர். பேரப்பிள்ளை இருக்கிறதே? கண்டிக்கு வந்து நாலு வருடம். கடைசியாக யாரோ, இருபத்தாறு வருடக் கூட்டறிக்கை இருக்கிறது, அதை ஏற்றட்டும் என்றார்கள். அதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். முடிவு 16 ஜீபி தாராளம் என்று வந்தது. ஆனால் 16 இப்போது விற்பனையில் இல்லை.

சிரிப்பு அடங்கக் காத்திருந்து சந்திரிகா பேசினாள்.

"சேருக்கு வைக்க ஒண்ணுமில்லங்கிறது அவரு சொந்தக் காரணம். ஏழாம் பிரிவுப்படி அதை நாம பாக்கக் கூடாது."

"அப்ப அறுவத்து நாலு" என்றார் நபீல்.

"ஓய்வுபெறுறவருக்குச் சாதகமாத்தான் மாத்தக் கூடாது. இது சாதகமில்ல, நபீல் நானா. எங்கம்மாவுக்குச் சேர் கடிகாரம் குடுத்தாரு. சேருக்கு நாம இருநூத்தி அம்பத்தாறு குடுப்போம். ஆகப் பெருசு. மேல வாற காசை நானும் அப்பாவும் போடுறோம்."

 

"இது அறுவத்து நாலை விடக் கெட்ட வேல, தங்கச்சி" என்றார் நபீல் மெதுவாக. பிறகு அவரே வழிமொழிந்தார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

தடுப்புக்கு வெளியே செல்லப்பா ஒரு சொல் விடாமல் கேட்டார். கழுவின கோப்பை கேட்டது. கலாராணியின் கல்யாணம் கேட்டது. கடிகாரமும் கேட்டது. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். வெள்ளிக்கிழமை, மூன்று மணி கடந்து பத்து நிமிடம். இருநூற்று ஐம்பத்தாறை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, நிமிர்ந்த தலையோடு உள்ளே போனார்.

பிரியாவிடை விழாவும் நன்றாக நடந்தது. ஸ்ரீதரன் முன்வரிசையில் இருந்தார். எண்ணை அறிவித்தபோது அவருடைய முகம் போன போக்கைச் செல்லப்பா மேடையிலிருந்து முழுதாகப் பார்த்தார். அறுபது வருட வாழ்க்கையில் அதைவிட நல்ல நிமிடம் அவருக்கு இருந்ததா என்பது சந்தேகம். பெட்டியைக் கையில் கொடுத்தபோது, "நிரப்பிக்கிட்டே இருங்க சேர்" என்று சந்திரிகா சொன்னாள். அவள் சிரித்து அன்றுதான் பார்த்தார்.

விழா முடிந்து இறங்கி வரும்போது, பின்வரிசைக் கதிரையிலிருந்து ஒரு கிழவர் எழுந்து கும்பிட்டார். வீரையா. செல்லப்பா பெருந்தன்மையோடு நின்று, கடிகாரம் ஓடுகிறதா என்று விசாரித்தார்.

"நல்லா ஓடுதுங்கையா. ஒரு நாள் நின்னதில்ல. அவதான் போயிட்டா, போன வருசம். கண்ணு போனதுக்கப்புறம் காது ரொம்பக் கூர்மையாயிருச்சுங்க அவளுக்கு. ராவும் பகலும் அந்த டிக் டிக் சத்தம் தாங்கல, எடுத்துருன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. மாலை போட்டுக் குடுத்த பரிசுங்க. கழட்ட எனக்கு மனசு வரல."

ஆழ்ந்த அனுதாபங்கள் என்று செல்லப்பா சொன்னார். மலர்வளையம் போனதா என்று கேட்க நினைத்து, ஓய்வுபெற்ற உதவியாளரின் மனைவிக்கு மலர்வளையம் இல்லை என்ற பிரிவும் தன்னுடையதுதான் என்று ஞாபகம் வந்ததால், கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து டெப்பைச் சாப்பாட்டு மேசையின் நடுவில், பரிமளத்தின் படத்துக்கு நேரெதிராக வைத்தார். எவ்வளவு பாவித்திருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று காட்டும் இடத்தை ரிஸ்மி பழக்கிக் கொடுத்திருந்தான். நீளமான ஒரு கோடு. இடது ஓரத்தில் கொஞ்சம் நீலம். அது டெப் தன் சொந்தத் தேவைக்கு எடுத்துக்கொண்டது. மற்றதெல்லாம் சாம்பல் நிறம். செல்லப்பாவுடைய பங்கு என்று ஒரு நிறம் அதில் இல்லை.

முதல் இரண்டு நாளும் அந்தக் கோட்டைப் பார்ப்பதே போதுமான சந்தோஷமாக இருந்தது. மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுக் கணேஸ் பார்க்க வந்தார். அறுபத்தெட்டு வயது, அவரும் பென்ஷன்காரர். பரிசின் அளவைக் கேட்டு வாயைப் பிளந்தார். பிறகு, காட்டுங்களேன் என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செல்லப்பா கோட்டைக் காட்டினார். அது சரி, படங்களைக் காட்டுங்கள் என்றார் கணேஸ். வெட்டவெளியான திரையை இரண்டு கிழவர்களும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கணேஸ் தேத்தண்ணி குடிக்காமலேயே எழுந்து போனார்.

செல்லப்பா அன்று பின்னேரமே மகளுக்குப் போன் எடுத்தார். சுகம் விசாரித்தார், அதுவே அவளுக்கு ஆச்சரியம். பிறகு விஷயத்துக்கு வந்தார்.

"அம்மா பேசுன வீடியோ இருக்கில்ல, எல்லாத்தையும் திருப்பி அனுப்பு. இப்ப இடமிருக்கு."



"எங்கிட்ட ஏதுப்பா? என் போன் அப்ப நிரம்பி நிரம்பி நின்னுரும். உங்களுக்கு அனுப்பிட்டு அன்னன்னைக்கே அழிச்சிருவேன். நீங்கதான எல்லாத்தையும் ஃபைல் போட்டு வைக்கிற ஆளு." குரல் கொஞ்சம் தாழ்ந்தது. "நானே கேக்கணும்னு இருந்தேன். உங்க பேத்திக்குப் பாட்டி குரலே மறந்துபோச்சாம். அந்த வாசல் லைட்டு வீடியோ, அதையாவது அனுப்புங்கப்பா."

"கவனத்தில எடுக்கிறேன்" என்றார் செல்லப்பா.

அதன் பிறகு அவர் சும்மா இருக்கவில்லை. கூட்டறிக்கைக் கொப்பிகள் இன்னும் அவருடைய வீட்டில்தான் இருந்தன. திங்கட்கிழமைக்குள் ஒப்படைக்கும்படி சந்திரிகா எழுத்து மூலம் கேட்டிருந்தாள். அவற்றை மேசையில் பரப்பி, பக்கம் பக்கமாக டெப்பால் படமெடுக்கத் தொடங்கினார். அன்றைய கூட்டத்தில் பகிடியாகச் சொல்லப்பட்டதைத்தான் இப்போது தான் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியாது. அதைத்தான் அந்த வெள்ளிக்கிழமையே அழித்துவிட்டாரே. மூன்று நாள் எடுத்தது. வீரையாவின் கடிகாரத்தைப் பற்றிய பக்கம் வந்தபோதும் நிற்கவில்லை. எழுத்து மங்கலாக விழுந்ததால், அதை மட்டும் திரும்ப எடுத்தார். இருபத்தாறு வருடமும் உள்ளே போய் முடிந்த பிறகு கோட்டைப் பார்த்தார். மூன்று ஜீபி. நீலத்துக்குப் பக்கத்தில் மயிர் அகலத்தில் ஒரு மஞ்சள். அடிமட்டத்தை எடுத்துத் திரையில் வைத்தார். ஒரு மில்லிமீற்றர் வரவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று மணிக்கு அவருடைய விரல் பழக்கத்தில் போனுக்குப் போனது. ஓய்வுபெற்றவருக்கு ரோஜாப்பூ அனுப்புவாரும் இல்லை; அழிக்க ஒன்றும் வந்திருக்கவில்லை.

நிமிர்ந்தபோது எதிரே பரிமளம் இருந்தாள். அடையாள அட்டைக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு, காது இரண்டும் தெரியத் தலையை வாரி, சிரிக்கக் கூடாது என்று படக்காரன் சொன்னபடி இருந்தாள். செல்லப்பா டெப்பைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தார். சட்டத்தின் கண்ணாடியில் டியூப் லைட் பட்டு, வெள்ளையாக ஒரு பட்டை சரியாக அவளுடைய முகத்துக்குக் குறுக்கே விழுந்தது. பரவாயில்லை. அளவைப் பார்த்தார். மூன்று எம்பி. இன்னொன்று எடுத்தார். அதுவும் மூன்று.

ஒரு கடதாசித் துண்டில் நீலப் பேனையால் கணக்குப் போட்டார். மிச்சமிருக்கிற இடத்துக்கு எழுபதாயிரத்துக்கு மேல் எடுக்க வேண்டியிருக்கும். நாளொன்றுக்கு இருபது வீதம் எடுத்தால் பத்து வருடம். அறுபது வயதுக்காரருக்கு அது முடியாத காரியம் இல்லை.

கதிரையை இழுத்துச் சுவருக்கு நேராகப் போட்டு உட்கார்ந்து, மூன்றாவதை எடுத்தார்.